பைக் மீனுக்கு டிப்-அப்: உறைந்த ஏரியில் தூண்டில் வைக்கும் முறை

நார்தர்ன் பைக் என்ற நன்னீர் வேட்டை மீனை உறைந்த ஏரியில் பிடிக்க டிப்-அப்பைவிட எளிய கருவி இல்லை. ஐஸ் துளையின் மேல் ஒரு சட்டம், தண்ணீருக்குள் தூண்டில் நரம்பு (கயிறு) சுற்றிய ஒரு ஸ்பூல், அதாவது உருளை, மேலே மடக்கி வைத்த ஒரு கொடி. மீன் இரையை இழுத்தால் ஸ்பூல் சுழலும். அதோடு இணைந்த தண்டும் சுழலும். தண்டின் தலையில் உள்ள குறுக்குக் கம்பி விலகியதும் கொடி துள்ளி எழும்.

கொடியை எழுப்புவது எளிது. கடினம் அதற்குப் பிறகுதான். பைக் இரையை நடுவில் குறுக்காகக் கவ்விக்கொண்டு ஓடும். கொஞ்ச தூரம் போய் நிற்கும், இரையை வாயிலேயே திருப்பும், பிறகு தலைப்பக்கமாக விழுங்கும். தூண்டில் முள் வயிற்றுக்குள் போய்விட்டால், அந்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. ஆகவே அது விழுங்குவதற்குள் முள் வாயோரத்தில் பதிந்திருக்க வேண்டும். எந்த முள், எத்தனை முள், ஸ்பூலை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு அருகில் இருப்பது ஆகிய எல்லாவற்றையும் இதை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஐஸும் விதிகளும்

தெளிவான புது ஐஸ் குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. இருந்தால்தான் கால்நடையாக இறங்கலாம். ஸ்னோமொபைல் என்ற பனி வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம் தேவை. பனி கலந்து வெண்மையாக உறைந்த ஐஸுக்கு வலு பாதிதான் என்று கொண்டு, இந்த அளவுகளை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். கரையில் ஒருமுறை அளந்துவிட்டு ஏரி முழுவதும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. ஓடை வந்து சேரும் இடம், இரண்டு நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய வாய்க்கால், நாணல் ஓரம் ஆகிய இடங்களில் ஐஸ் மெலிந்திருக்கும். பைக் மீன் விரும்பும் இடங்களும் இவைதான் என்பதால் கூடுதல் கவனம் தேவை. கடப்பாரையால் முன்னால் குத்திப் பார்த்தபடியே நடங்கள். கழுத்தில் ஐஸ் பிக் (விழுந்தால் ஐஸைக் குத்திப் பிடித்து ஏற உதவும் கூர்முனைக் கைப்பிடிகள்), உடலில் மிதவைச் சட்டை, பையில் கயிறு இல்லாமல் இறங்காதீர்கள். தனியாகவும் போகாதீர்கள்.

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான நீர்நிலைகளில் ஐஸ் மீன்பிடிப்புக்கு ஒருவருக்கு இரண்டு தூண்டில், அமெரிக்க மாநிலங்களில் மினசோட்டாவிலும் இரண்டு, விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் மூன்று. டிப்-அப்பை வைத்துவிட்டு விலகிப் போகவும் முடியாது. ஒன்டாரியோவில் 60 மீட்டருக்குள், தூண்டில் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். மினசோட்டாவில் 200 அடிக்குள். மிச்சிகனில் ஒவ்வொரு டிப்-அப்பிலும் பெயரும் முகவரியும், அல்லது அதற்கு ஈடான அடையாள எண்ணும் எழுதியிருக்க வேண்டும். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் முள்ளின் எதிர்க்கூர் (முனையருகே பின்னோக்கி நீளும் சிறு கூர்) நீக்கப்பட்டிருக்க வேண்டும். குறடால் அழுத்தி மடக்கிவிட்டால் போதும். கியூபெக் மாகாணத்தில் 2017 முதல் உயிருள்ள மீனை இரையாக வைக்கத் தடை இருக்கிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் சிறிய ஈயக்குண்டுகளுக்கு இடமில்லை. நீங்கள் போகும் ஏரிக்கான அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

எந்த டிப்-அப்

சந்தையில் பல வடிவங்கள் உண்டு. புதியவருக்கு வட்டத் தட்டு வடிவமே நல்லது. நுரை அடைத்த அந்தத் தட்டு துளையை முழுதாக மூடிவிடும். துளை சீக்கிரம் உறையாது, காற்றடித்த பனி உள்ளே விழாது, ஆழம் குறைந்த இடத்தில் துளை வழியாக வெளிச்சம் இறங்கி மீனை மிரட்டவும் செய்யாது. குறுக்குச் சட்ட வடிவம் மடங்கிப் பையில் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் கடுங்குளிரில் துளையை அடிக்கடி கிளறிவிட வேண்டியிருக்கும். காற்றில் ஆடி இரையை அசைக்கும் வகையும் ஒன்று உண்டு. அதன் ஸ்பூல் தண்ணீருக்கு மேலே இருப்பதால் நனைந்த நரம்பு அங்கேயே உறைந்துவிடும். முதல் பருவத்துக்கு அது வேண்டாம்.

எதை வாங்கினாலும் கடையிலேயே மூன்றைப் பாருங்கள். ஸ்பூலைக் கையால் சுழற்றினால் திக்காமல் சுழல வேண்டும். தண்டு ஓடும் குழாயில் குளிரில் இறுகாத கிரீஸ் அடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும், மீன் இழுத்தாலும் கொடி எழாது. ஸ்பூலின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருப்பது நல்லது.

நரம்பு சுற்றும் வேலை வீட்டில்

ஐஸின் மேல் நடக்கும் தவறுகளில் பாதி, வீட்டில் செய்யாமல் விட்ட வேலையால் வருபவை. உறைந்த விரல்களால் முடிச்சுப் போட முயன்று பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பைக் மீனுக்கு 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பின்னல் டேக்ரான் (செயற்கை இழை) நரம்பு போதும். அதைவிட மெல்லிய நரம்பும் அறுந்து போகாது. ஆனால் மீனைக் கையால் இழுக்கப் போகிறீர்கள், மெல்லிய நரம்பு விரலை அறுக்கும். தங்கூஸ் நரம்பு குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக நிற்பதால் முதன்மை நரம்புக்கு ஏற்றதல்ல. மேலே பூச்சிட்ட டிப்-அப் நரம்பு தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும். கொஞ்சம் விலை கூடினாலும் அதுவே நல்லது.

முதலில் நரம்பை ஸ்பூலின் அச்சில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக முடியுங்கள். வெறுமனே சுற்றிவிட்டால், பெரிய மீன் கடைசிவரை இழுக்கும்போது நரம்பு முழுவதும் உருவிக்கொண்டு போய்விடும். பின்னல் நரம்பு வழவழப்பான அச்சில் வழுக்கவும் செய்யும், அதனால் முதல் சுற்றின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பிறகு 45 மீட்டராவது சுற்ற வேண்டும். ஸ்பூலின் விளிம்புக்கு அரை செ.மீ. கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். விளிம்புவரை நிரப்பினால் சுற்றுகள் சரிந்து தண்டில் சிக்கும். ஒரே சீரான இழுவிசையில் சுற்றுவதும் முக்கியம். தளர்வாகச் சுற்றிய நரம்பில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கிடையே புதைந்து, மீன் ஓடும்போது சட்டென்று இறுகி நிற்கும். அந்த ஒரு தடங்கல் போதும், பைக் இரையைத் துப்பிவிடும்.

நரம்பின் நுனியைக் கட்டும் முன் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கோத்துவிடுங்கள். ஒரு கண் வழியாக நுழைத்து மறு கண் வழியாகத் திருப்பி எடுத்தால் அது நரம்பில் உரசி நிற்கும், விரலால் தள்ளினால் நகரும். ஆழத்தைக் குறித்து வைக்க இது உதவும். கடைசியாக நுனியில் ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் சிறு உலோக இணைப்பு) கட்டுங்கள். பின்னல் நரம்புக்குப் பாலோமர் முடிச்சு நம்பகமானது: நரம்பை இரட்டையாக மடித்து வளையத்தின் வழியே நுழைத்து, சாதாரண முடிச்சொன்றைத் தளர்வாகப் போட்டு, மடிப்பின் வழியாக ஸ்விவலையே முழுவதும் கடத்தி, ஈரப்படுத்தி இறுக்க வேண்டும்.

பல்லுக்குத் தாங்கும் முன்நரம்பும் இரட்டை முள்ளும்

பைக் மீனின் வாய் நிறைய ஊசிப் பற்கள். முதன்மை நரம்பை நேரடியாக முள்ளில் கட்டினால் அது பல்லில் அறுந்துவிடும், மீன் வாயில் முள்ளோடு போய்விடும். ஆகவே இடையில் 30 முதல் 45 செ.மீ. நீள முன்நரம்பு தேவை. 20 முதல் 30 பவுண்டு எஃகு இழைக் கம்பி எதற்கும் பயப்படாது. தண்ணீர் மிகத் தெளிவாக இருந்தால் 60 முதல் 80 பவுண்டு ஃப்ளோரோகார்பன் (நீரில் எளிதில் தெரியாத செயற்கை நரம்பு) வைப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதை விரலால் தடவி, சிராய்ப்பு இருந்தால் மாற்ற வேண்டும். புதியவர்கள் கம்பியிலேயே தொடங்குங்கள்.

முள்ளுக்கு வருவோம். பெரிய ஒற்றை முள்ளை இரையின் முதுகில் குத்திவிட்டு, மீன் விழுங்கும்வரை காத்திருப்பது பழைய முறை. அந்தக் காத்திருப்புதான் முள்ளை வயிற்றுக்குள் அனுப்புகிறது. இன்று பரவலாகப் பயன்படுவது இரட்டை முள் அமைப்பு. ஒரு ஸ்விவலிலிருந்து இரண்டு கம்பித் துண்டுகள் இறங்கும், ஒன்று கொஞ்சம் நீளம், ஒன்று குட்டை. ஒவ்வொன்றின் முனையிலும் 4 அல்லது 6 ஆம் எண் மூமுனை முள் இருக்கும். இரையில் குத்தும்போது இரண்டுக்கும் இடையே 7 அல்லது 8 செ.மீ. இருக்கட்டும். ஒரு முள் இரையின் முதுகுத் துடுப்புக்கு முன்னால், மற்றது துடுப்புக்குப் பின்னால். இப்படிக் குத்தினால் இரை படுக்கைவாட்டில், நீந்தும் மீன்போலவே தொங்கும். பைக் எந்தப் பக்கமிருந்து கவ்வினாலும் ஒரு முள்ளாவது அதன் வாய்க்குள் இருக்கும், அதனால் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்று கூர்களில் ஒன்றை மட்டும், தோலோடு சேர்த்து லேசாகக் குத்துங்கள். மற்ற இரண்டும் வெளியே தெரிய வேண்டும். ஆழமாகக் குத்தினால் நீங்கள் இழுக்கும்போது முள் இரையின் சதையிலேயே தங்கிவிடும், மீனின் வாயில் பதியாது. இரட்டை முள் அமைப்புக்கு உங்கள் பகுதியில் அனுமதி உண்டா, இரு முட்களுக்கிடையே இவ்வளவுதான் தூரம் என்ற கட்டுப்பாடு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரை

குளிர்ந்த நீரில் பைக் செத்த மீனையும் தயங்காமல் எடுக்கும். புதியவருக்கு இது பெரிய வசதி. ஸ்மெல்ட், சிஸ்கோ, சக்கர் ஆகியவற்றில் 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ளவற்றை வைக்கலாம். எண்ணெய்ப் பசையுள்ள மீனின் மணம் நீரில் பரவி, தூரத்தில் கிடக்கும் பைக்கையும் இழுத்து வரும். உறைவித்த இரையை முழுதாக இளக விடாமல், பாதி உறைந்த நிலையில் முள்ளில் குத்தினால் சதை சிதையாது. செத்த இரை சில சமயம் வயிற்றை மேலே காட்டி மிதக்கும். விலாப்பக்கம் ஊசியால் குத்திக் காற்றுப்பையை உடைத்துவிட்டால் சரியாகும்.

உயிருள்ள இரைக்கு அனுமதி இருக்கும் இடங்களில் சக்கர், கோல்டன் ஷைனர் இரண்டும் நல்லவை. அவை மேலே நீந்திப் போய்விடாதபடி, முன்நரம்புக்கு மேலே 7 முதல் 10 கிராம் எடை ஒன்று தேவை. ஒரு ஏரியின் இரைமீனை இன்னொரு ஏரிக்கு எடுத்துப் போகாதீர்கள்; மிச்சமிருந்தால் துளையில் கொட்டாதீர்கள். நோயும் அந்நிய மீன் இனங்களும் பரவும் வழி அதுதான். ஒன்டாரியோ போன்ற இடங்களில் இரையை மண்டலம் தாண்டி எடுத்துச் செல்வதையே சட்டம் தடுக்கிறது.

எங்கே துளையிடுவது

பருவத் தொடக்கத்தில் பைக் நீர்த்தாவரம் நிறைந்த வளைகுடாக்களில், ஒன்றரை முதல் நான்கு மீட்டர் ஆழத்தில் திரியும். துளையிடும்போது ஆகரில் (ஐஸைத் துளைக்கும் திருகுக் கருவி) பச்சைத் தழை சுற்றிக்கொண்டு வந்தால் நல்ல அறிகுறி. பழுப்பாக அழுகிய தழை வந்தால் இடத்தை மாற்றுங்கள். அழுகும் தாவரம் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், இரைமீன்கள் அங்கே தங்காது. நடுக்குளிரில் பெரிய மீன்கள் தாவரப் பரப்பு முடிந்து ஆழம் தொடங்கும் சரிவுக்கு நகரும். பருவக் கடைசியில் மறுபடி கரைப்பக்கம் வரும். ஐஸ் கரைந்ததுமே வெள்ளம் ஏறிய புல்வெளிகளில் முட்டையிடும் மீன் இது. அதற்கு முன்பே அந்த வளைகுடாக்களின் வாயிலில் கூடத் தொடங்கிவிடும். ஆனால் மினசோட்டா போன்ற இடங்களில் உள்நாட்டு ஏரிகளுக்கான பைக் பருவம் பிப்ரவரிக் கடைசியிலேயே முடிந்துவிடும்.

மூன்று டிப்-அப்புக்கு அனுமதி இருந்தால் தாவர விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு வரிசை போடுங்கள்: ஒன்று தாவரத்துக்குள், ஒன்று விளிம்பில், ஒன்று வெளியே ஆழத்தில். இரண்டு மட்டும் என்றால் விளிம்பிலும் வெளியிலும். துளைகளுக்கிடையே 15 மீட்டராவது விடுங்கள். நெருக்கி வைத்தால், மாட்டிய மீன் ஓடும்போது அடுத்த நரம்பையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஒரு கொடியும் எழவில்லை என்றால் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். பைக் பார்வையால் வேட்டையாடும் பகல்நேர மீன். பொழுது முழுவதையும் ஒரே துளையில் செலவழிக்காதீர்கள்.

துளைக்கு 8 அங்குல ஆகர் போதும், பெரிய மீன் உள்ள ஏரி என்றால் 10 அங்குலம். எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டு முடித்துவிடுங்கள். தூண்டில் இறங்கிய பிறகு ஆழமில்லாத நீரில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் மீன் விலகிவிடும். ஐஸ் துகள்களை ஜல்லிக்கரண்டியால் முழுவதும் அள்ளி எடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்தான் நரம்பில் முதலில் உறையும். துளையின் அடி விளிம்பு கூராக இருந்தால் நரம்பு அதில் உரசி அறும். கடப்பாரையால் அந்த விளிம்பைச் சுற்றிலும் மழுக்கிவிடுங்கள்.

தூண்டிலை இறக்கும் வரிசை

1. கவ்வியுள்ள ஆழமானி ஈயக்குண்டை முள்ளில் மாட்டி இறக்குங்கள். நரம்பு தளர்ந்தால் தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

2. நரம்பை நேராக்கி, குண்டு தரையில் பட்டும் படாமலும் நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து 60 செ.மீ. மேலே எடுங்கள். கீழே தாவரம் இருந்தால் அதன் உச்சியிலிருந்து 30 முதல் 60 செ.மீ. மேலே இரை தொங்க வேண்டும். பைக் மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாடும் மீன். இரை தழைக்குள் புதைந்தால் அதன் கண்ணில் படாது. சந்தேகம் இருந்தால் கொஞ்சம் உயரத்தில் வைப்பதே மேல்.

3. அந்த ஆழத்தில், ஸ்பூலிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்துக்குப் பொத்தானைத் தள்ளுங்கள். அடுத்த முறை அளக்க வேண்டாம், பொத்தான் ஸ்பூலுக்கு வரும்வரை சுற்றினால் அதே ஆழம். கொடி எழுந்தபின் பொத்தான் எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால் மீன் எவ்வளவு ஓடியது என்பதும் தெரியும்.

4. குண்டைக் கழற்றி, இரையைக் குத்தி மெதுவாக இறக்குங்கள். முதலில் துளைக்குள் அரை மீட்டர் இறக்கி, படுக்கைவாட்டில் தொங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

5. ஸ்பூல் நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கும்படி டிப்-அப்பைத் துளைமேல் வையுங்கள். ஸ்பூல் நீர்மட்டத்திலேயே நின்றால் உறைந்துவிடும்.

6. கொடிக்கம்பியை வளைத்துக் குறுக்குக் கம்பியின் அடியில் மாட்டுங்கள். பல டிப்-அப்களில் குறுக்குக் கம்பியின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பள்ளம் வெட்டியும் இருக்கும். செத்த இரைக்கு வழவழப்பான பக்கம், துள்ளும் உயிர் இரைக்குப் பள்ளமான பக்கம். காற்று கொடித்துணியை அடியிலிருந்து தூக்காதபடி டிப்-அப்பைத் திருப்பி வையுங்கள். மீனே இல்லாமல் எழும் கொடிகளுக்குக் காரணம் பெரும்பாலும் காற்று.

7. விளிம்பைச் சுற்றிப் பனியை அணைத்துவிடுங்கள். குளிர்காற்று உள்ளே புகாது.

இறுக்கத்தை விரலால் சோதிப்பது எல்லாவற்றிலும் முக்கியம். ஸ்பூலை நீருக்குள் இறக்கும் முன், நரம்பை வேகமாக ஒரு மீட்டர் இழுத்துச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். ஸ்பூல் தானாகச் சுழன்று நரம்பு குவிந்தால் தளர்வு அதிகம். இழுக்கக் கை வலிக்கிறது என்றால் இறுக்கம் அதிகம்.

வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டாம். அரைமணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகப் போய், துளையில் படிந்த மெல்லிய ஐஸை எடுத்து, இரையை அரை மீட்டர் தூக்கி மெல்ல விடுங்கள். தொங்கிக்கொண்டிருந்த இரை அசைவதைப் பார்த்த பிறகே கவ்வும் மீன்களும் உண்டு.

கொடி எழுந்ததும்

உடனே கிளம்புங்கள். ஆனால் கடைசிப் பத்து மீட்டரில் காலை மெதுவாக வையுங்கள். ஆழமில்லாத நீரில் ஓடிவரும் காலடி ஐஸ் வழியாகக் கேட்கும்.

துளையருகே முழங்காலிட்டு ஸ்பூலைப் பாருங்கள். சுழன்றுகொண்டிருந்தால் மீன் ஓடுகிறது. நின்றிருந்தால் டிப்-அப்பை மெல்லத் தூக்கி, நரம்பை இரு விரல்களுக்கிடையே பிடித்து, மீன் இருக்கிறதா என்று உணருங்கள். டிப்-அப்பைத் துளையிலிருந்து எடுத்து, காலில் சிக்காத தூரத்தில் பக்கவாட்டில் வையுங்கள்.

இரட்டை முள் என்றால் தாமதம் கூடாது. தளர்ந்த நரம்பை மெல்ல இழுத்துச் சேர்த்து, மீனின் கனம் கையில் பட்டதும், முழங்கையை நீளமாகப் பின்னால் கொண்டுபோய் உறுதியாக ஒரு இழுப்பு. வெடுக்கென்று குட்டையாக இழுத்தால் இரைதான் கிழியும். மீன் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கலாம், அப்போது எவ்வளவு இழுத்தாலும் கனம் தெரியாது. கனம் கிடைக்கும்வரை சேர்த்துக்கொண்டே இருங்கள், வெறும் நரம்பை வெட்டி இழுக்காதீர்கள்.

பிறகு கை மாற்றிக் கை மாற்றி இழுங்கள். நரம்பை எந்த நிலையிலும் கையிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய மீன் திடீரென்று திரும்பினால் விரலைச் சேர்த்து இறுக்கிவிடும். மீன் இழுத்தால் விரல்களுக்கிடையே வழுக்க விடுங்கள், அது நின்றதும் நீங்கள் இழுங்கள். வெளியே வரும் நரம்பை ஒரே பக்கமாக அகலப் பரப்புங்கள், மிதிக்காதீர்கள்.

துளையின் வெளிச்சத்தைக் கண்டதும் பைக் கடைசியாக ஒருமுறை மூர்க்கமாகத் திரும்பி ஓடும். மீன் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். ஓட விடுங்கள். மறுபடி கொண்டுவந்து, மூக்கு துளைக்குள் நுழைந்ததைப் பார்த்த பிறகே நிறுத்தாமல் மேலே தூக்குங்கள். தலை குறுக்காகத் திரும்பியிருக்கும்போது இழுத்தால் வெளியே தெரியும் முள் ஐஸின் அடி விளிம்பில் மாட்டிக்கொள்ளும்.

முள்ளெடுப்பதும் விடுவதும்

25 செ.மீ. நீள மூக்குக் குறடு, வாய்விரிப்பான், முள்ளையே வெட்டக்கூடிய வெட்டுக்குறடு ஆகிய மூன்றும் மீன் வருவதற்கு முன்பே துளையருகே இருக்க வேண்டும். செவுள் மூடியின் உள்விளிம்பில் விரலை நுழைத்துப் பிடியுங்கள். சிவந்த செவுள் இழைகளில் விரல் படக் கூடாது. படாவிட்டால் உங்கள் விரலும் தப்பும், மீனும் தப்பும். முள் ஆழமாக இருந்தால் பிடுங்கிப் போராடாமல் முள்ளை வெட்டி எடுங்கள். ஒரு முள்ளின் விலை பெரிதல்ல.

விடப்போகும் மீனை உலர்ந்த பனியில் கிடத்தாதீர்கள், மேலிருக்கும் வழவழப்புப் படலம் போய்விடும். கடுங்குளிர்க் காற்றில் செவுளும் கண்ணும் விரைவில் உறையத் தொடங்கும், ஆகவே கூடியவரை துளை நீருக்குள் வைத்தே முள்ளை எடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தயாராக வைத்த பிறகு மீனைத் தூக்குங்கள். பெரிய பைக் பெரும்பாலும் பெண் மீன், முட்டையைச் சுமந்துகொண்டிருக்கும். அவற்றை விட்டுவிட்டுச் சிறியவற்றை உணவுக்கு எடுப்பது ஏரிக்கு நல்லது. மினசோட்டா 2018 முதல் மாநிலத்தை மூன்று மண்டலமாகப் பிரித்து அளவு வரம்பு வைத்திருக்கிறது. வட-மத்திய மண்டலத்தில் 22 முதல் 26 அங்குல மீனைக் கட்டாயம் விட வேண்டும். அளவுகோல் ஒன்று கையில் இருக்கட்டும்.

வீடு திரும்பிய பின்

நனைந்த டிப்-அப்பை அப்படியே மூலையில் போட்டால் அடுத்த முறை அது திறக்காது. நரம்பை முழுவதும் உருவி நாற்காலி முதுகில் தளர்வாகச் சுற்றி ஓரிரவு உலர விட்டு, மறுநாள் இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள். கடைசி இரண்டு மீட்டரில் பிசிறு இருந்தால் வெட்டிவிட்டு ஸ்விவலைப் புதிதாகக் கட்டுங்கள். முட்களைத் துடைத்துக் காயவைத்து, நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் கூர் தீட்டுங்கள். குழாயின் கிரீஸில் தண்ணீர் கலந்து வெளுத்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக அடையுங்கள். கொடிக்கம்பியை மடக்கிய நிலையிலேயே வைத்தால் அதன் துள்ளல் குறைந்துவிடும், ஆகவே நிமிர்த்தியே வையுங்கள்.